ஆட்டத்துக்குப் பழகிய கை

ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று ஒரு கார் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று போன வாரம் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது உங்களில் சிலரைக் கேட்டேன். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போம் என்றார் ஒருவர். டை ராட் முனைகளைப் பார்ப்போம் என்றார் இன்னொருவர். கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே சொல்லிவிடுமே என்றார் மூன்றாவது ஆள், என்மேல் பரிதாபப்பட்டது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு. சரிதான், மூன்று பேருக்கும் பாஸ் மார்க் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் காரை வழக்கமாக ஓட்டுகிறவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கேயே கத்தியிருப்பேன். டீ கொடுத்து உட்கார வைத்திருந்தீர்கள், அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

தேய்ந்த பாகத்தை எப்படிக் கழற்றுவது, புதியதை எப்படி ஏற்றுவது என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, உங்களுக்கும் கை இருக்கிறது. சுலைமான் பாய் என்ற டிரைவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் விஷயத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது எந்தப் புத்தகத்திலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் தலைமை மெக்கானிக். எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒரு கார் இருந்தால் அதற்கென்று ஒரு டிரைவர் இருப்பார். வேறு யாரும் அந்த ஸ்டியரிங்கைத் தொட மாட்டார்கள். பல முதலாளிகளுக்குத் தங்கள் காரின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூடத் தெரியாது. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் டிரைவர் சொல்கிற நோய்க்குத்தான் வைத்தியம். அவர் பிரேக் என்றால் பிரேக்கைப் பார்ப்போம், ஹாரன் என்றால் ஹாரனைப் பார்ப்போம். வண்டி நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் ஆயிலை மாற்றி அனுப்பிவிடுவோம். ஊர் முழுக்க அதுதான் வழக்கம், அதில் இருந்த ஓட்டை யாருக்கும் தெரியவில்லை.

சுலைமான் பாயின் முதலாளி காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காய மண்டி வைத்திருந்தார். துறையூர், பச்சைமலை அடிவாரம் என்று வெங்காயம் போடுகிற ஊர்களுக்கெல்லாம் தன் காரிலேயே போய் வயலைப் பார்த்து விலை பேசுவார். காருக்கு ரோடு தேவை என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. வரப்பு ஓரம், ஓடை, வண்டித்தடம் என்று எங்கே சொன்னாலும் பாய் இறக்குவார். கார்க் கதவைத் திறந்தால் வெங்காய வாடை முகத்தில் அடிக்கும்.

பாய்க்கு ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. பேச்சு குறைவு, பேசினாலும் வண்டியைப் பற்றித்தான் பேசுவார். அவர் ஓட்டுவதற்கு ஊரில் ஒரு சர்டிபிகேட் இருந்தது. மண்டிக்காரரின் மனைவி தனலட்சுமி அம்மாள் சனிக்கிழமை தோறும் ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போவார். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், அதற்குள் பின்சீட்டில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். “சுலைமான் வண்டியை எடுத்தா எனக்குக் கண்ணு சொக்கிடும்” என்று அவரே பெருமையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

மண்டிக்காரருக்கு நடராஜன் என்று ஒரு தம்பி. மெட்ராஸில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார், அங்கே நண்பர் ஒருவரின் காரில் ஓட்டப் பழகியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ஏதோ அவசரம் என்று இவர் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டார். பாலத்தின் நடுவில் எதிரே பஸ் வருகிறது. இவர் இடது பக்கம் ஒதுங்கத் திருப்பினால் கார் ஒதுங்கவில்லை. மேலும் திருப்பினார், அப்போது கார் சுவரை நோக்கிப் பாய்ந்தது. எப்படியோ பிரேக் போட்டு நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் மண்டிக்காரர் இரண்டு பேரையும் காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துவந்தார்.

“அது காரே இல்லீங்க மேஸ்திரி, மூக்கணாங்கயிறு அறுந்த மாடு. நான் ஒரு பக்கம் இழுத்தா அது ஒரு பக்கம் போகுது” என்றார் நடராஜன்.

பாய்க்கு முகம் கறுத்துவிட்டது. “முந்தாநாள்தான் துறையூர் போயிட்டு வந்தேன். நூல் புடிச்ச மாதிரி வந்துச்சு. மொதலாளியே பக்கத்துல உக்காந்திருந்தாரு, கேளுங்க.”

“அது என்னமோ வாஸ்தவந்தான்” என்றார் மண்டிக்காரர். “எதுக்கும் பாத்துச் சொல்லுங்க.”

வழக்கப்படி டிரைவர் சொல்வதை நம்பி முதலில் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உறையூர் வரை போனோம், நூல் பிடித்த மாதிரிதான் போயிற்று. திரும்பும்போது நான் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டேன். ஒரு பர்லாங்குகூட ஓட்டியிருக்க மாட்டேன், நடராஜன் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. திருப்புகிறேன், கார் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் வேண்டியதற்கு மேல் கேட்கிறது. ஸ்டியரிங் கிட்டத்தட்ட கால் வட்டம் சும்மாவே சுற்றுகிறது. ஓரமாக நிறுத்தி, மறுபடி பாயிடம் கொடுத்துவிட்டு, இந்த முறை ரோட்டைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன்.

தயிர் கடைகிற கை மாதிரி அந்தக் கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நேரான ரோட்டில்கூட நிற்கவில்லை.

“பாய், கை ஏன் இப்படி ஆடிக்கிட்டே இருக்கு?”

“எங்கே ஆடுது மேஸ்திரி? சும்மாதானே வச்சிருக்கேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது, அதே அளவில் அவர் கையும் பழகிக்கொண்டே வந்திருக்கிறது. கார் விலகுவதற்கு முன்பே கை அதைத் திருப்பி அழைத்துவிடும். வண்டி கெடக் கெட அவர் கை தேறிக்கொண்டே போயிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த முதலாளிக்கும் பின்னால் தூங்கிய அம்மாவுக்கும் மட்டுமல்ல, ஓட்டிய அவருக்கே அது தெரியாது.

ஜாக்கியில் ஏற்றினோம். ஒருவன் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, நான் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரைக்கும் போகிற கம்பிகளின் முனைகளில் உருண்டைகள் தேய்ந்து கிண்ணத்துக்குள் லொடலொடவென்றன. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை, பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொத்தே காணாமல் போன மாதிரி எல்லாம் சேர்ந்துதான் கால் வட்டம் ஆகியிருந்தது. மெட்ராஸிலிருந்து பாகங்களை வரவழைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். நானே ஓட்டிப் பார்த்தேன், விரலால் தொட்டால் கார் கேட்டது. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

டெலிவரி நாள் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கெல்லாம் பெரிய வேலை முடிந்த வண்டியை வெளியே அனுப்புவது ஒரு சடங்கு. சூடம் காட்டி, முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிக்காரர் வீட்டு மனிதர் யாராவது ஏறி உட்கார, டிரைவர் அதை நசுக்கிக்கொண்டு வெளியே போவார். நேரே ஒரு கோயிலுக்குப் போக வேண்டும். பழம் நசுக்கிய வண்டியை நிறுத்தக் கூடாது, பின்னால் எடுக்கக் கூடாது, திரும்பக் கூப்பிடக் கூடாது. எனவே, டிரைவர் அந்த வண்டியை முதன்முதலில் தொடுவதே நல்ல நேரத்தில், ஆட்கள் ஏறிய பிறகுதான். அன்றைக்கு எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தின் கீழே வைத்தவர் சுலைமான் பாய்தான். தனலட்சுமி அம்மாள் பின்னால் ஏறிக்கொண்டார். “ஸ்ரீரங்கத்துக்கு விடுங்க சுலைமான்” என்றார். பழம் நசுங்கியது, கார் போயிற்று.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இடது பக்க மட்கார்டு கிழிந்து, கதவு நசுங்கி, அதே கார் திரும்பி வந்து நின்றது.

பாலத்தில் வாழையிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றைத் தாண்டிவிட்டுப் பாய் இடது பக்கம் வந்திருக்கிறார். கார் நேராக நிற்காமல் நெளிந்து, அவர் திருத்தத் திருத்த இன்னும் நெளிந்து, கைப்பிடிச் சுவரில் நெடுக உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. அம்மாவின் நெற்றி முன்சீட்டில் இடித்துக் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

மண்டிக்காரர் மார்க்கெட்டிலிருந்து ஜட்கா பிடித்து வந்தார். மனைவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பாயின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

“சுத்தி வளைக்காதீங்க மேஸ்திரி. வண்டியில கொறையா, ஆளுகிட்ட கொறையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

எங்கள் ஒர்க்‌ஷாப்பின் உரிமையாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குப் புரியாமல் இல்லை. வண்டியில் குறை என்றால் ஒர்க்‌ஷாப்பின் பெயர் சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்க நாறிவிடும். மண்டிக்காரரைக் காக்க வைத்துவிட்டுக் காருக்கு அடியில் போய் ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொரு முனையையும் மறுபடி பார்த்தேன். எதுவும் தளரவில்லை, எதிலும் ஆட்டம் இல்லை, உரசலில்கூட எதுவும் வளையவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்தேன். வண்டியில் குறை இல்லை என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையைச் சொன்ன நிமிஷத்தில் சுலைமான் பாய்க்கு வேலை போய்விடும். இந்த வேலை மட்டுமல்ல, முதலாளியின் மனைவிக்கு அடிபட வைத்த டிரைவரிடம் திருச்சியில் வேறு எவனும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டான். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

அதற்குள் பாயே வாய் திறந்துவிட்டார். “வண்டியை ஒண்ணும் சொல்லாதீங்க மேஸ்திரி. எனக்குத்தான் கை போயிருச்சு. நான் நேரா புடிக்கிறேன், அது போகுது. என்னன்னே தெரியல. அல்லா அம்மாவைக் காப்பாத்துனாரு.” சாவியை எடுத்துக் காரின் பானட் மேல் வைத்தார். அந்த மனிதர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவசரத்தில் ஒருவர் இரண்டில் ஒன்றைச் சொல் என்று உங்களைப் பிடித்து நெருக்கினால், உடனே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கொண்டுவந்த இரண்டுமே தப்பாக இருக்கலாம். எனக்கு அப்போது காரணம் புரிந்திருந்தது என்று சொன்னால் அது பீற்றல். ஏதோ இடிக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. அத்தனை வருஷம் வரப்பிலும் ஓடையிலும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவருக்கு, கார் நன்றாக ஆன அன்றைக்கே கை போகுமா?

“வண்டியில கொறை இல்லீங்க. ஆனா ஆளுகிட்ட கொறைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நாளைக்கு ஒருநாள் வண்டியையும் பாயையும் என்கிட்ட விடுங்க” என்றேன்.

“அதான் வண்டியில இல்லேன்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் என்ன?”

“ஒருநாள் குடுங்க, சொல்றேன்.”

அவர் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போடப் போனார். தனலட்சுமி அம்மாள் நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டே, “ஒருநாள்தானே, குடுங்களேன்” என்றார். சாவி மறுபடி பானட்டுக்கு வந்தது.

பொன்மலைப் பக்கம் பெரிய மைதானம் ஒன்று உண்டு. எப்போதும் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் பாயை அங்கே அழைத்துப்போய் ஓட்டச் சொன்னேன். கார் நெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பழைய நினைவில் அவர் கையைப் பார்த்தேன். அதே தயிர் கடைசல். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

நிறுத்தச் சொல்லிவிட்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். முன்பெல்லாம் அந்தக் கடைசலைத் தேய்ந்த பாகங்கள் விழுங்கிக்கொண்டிருந்தன, சக்கரம் வரைக்கும் போகவில்லை. இப்போது இடையில் விழுங்க ஒன்றுமில்லை. கை செய்கிறதையெல்லாம் சக்கரம் அப்படியே கேட்கிறது. கார் நெளியவில்லை, கைதான் அதை நெளிக்கிறது. கார் நெளிவதாக நினைத்துக் கை இன்னும் வேகமாகத் திருத்துகிறது.

பாயிடம் சொன்னேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார். “இதுங்களா மேஸ்திரி?” என்றார்.

இதை மண்டிக்காரருக்கு வாயால் சொன்னால் ஏறாது, வெங்காயத்தையே கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துத்தான் விலை சொல்கிறவர். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு டாக்ஸி, ஸ்டியரிங் பாகங்கள் வரக் காத்துக்கொண்டு நின்றது. அதிலும் கிட்டத்தட்ட அதே ஆட்டம். அன்று சாயங்காலமே அதையும் மைதானத்துக்குக் கொண்டுபோய், தரையில் நெடுகச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, மண்டிக்காரரையும் அம்மாவையும் நடராஜனையும் வரச் சொன்னேன். கோடு வண்டியின் நடுவிலேயே இருக்க வேண்டும், சக்கரம் அதை மிதிக்கக் கூடாது என்று பேச்சு.

முதலில் லொடக்கு டாக்ஸி. பாய் அதைக் கோட்டின் மேல் விட்டுக்கொண்டு போனார், சுண்ணாம்பு ஒரு இடத்தில்கூடக் கலையவில்லை. அடுத்து நடராஜன் ஓட்டினார், மாடு நடந்துகொண்டே மூத்திரம் பெய்த தடம் மாதிரி ஆயிற்று. அவரே இறங்கிவந்து சிரித்தார். கோட்டை மறுபடி போட்டோம். பிறகு பழுது பார்த்த கார். நடராஜன் கோட்டின் மேல் நேராகப் போனார், பாய் போனபோது கோடு பல இடத்தில் அழிந்தது.

“பாத்தீங்களா, வண்டி மாறிடுச்சு, பாயோட கைக்கு இன்னும் சேதி போகல. அவ்வளவுதான்” என்றேன். கேஸ் ஜெயித்துவிட்டது என்று எனக்கு நினைப்பு.

மண்டிக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். “நல்லா வெளங்குச்சு மேஸ்திரி. இப்ப என் வண்டி நல்லா இருக்கு. என் தம்பி அதை நல்லா ஓட்டுறான். அப்ப இவரு எதுக்கு?”

நான் போட்ட கோட்டை வைத்தே அவர் கணக்கை முடித்துவிட்டார். அதில் தப்பு எங்கே என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. பாய் டாக்ஸியின் அந்தப் பக்கம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது தனலட்சுமி அம்மாள்தான் பேசினார். நெற்றியில் மஞ்சள் பற்றோடு காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“நானும் ஒண்ணு கேக்கறேன். அந்த டாக்ஸி மாதிரிதானே நம்ம வண்டியும் இருந்துச்சு?”

“ஆமாங்கம்மா” என்றேன்.

“எத்தனை வருஷமா அப்படி இருந்திருக்கும்?”

“சில வருஷமாவே இருந்திருக்கணும்.”

அவர் கணவர் பக்கம் திரும்பினார். “அந்த வண்டியிலதான் நீங்க பச்சைமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தீங்க. அதுலதான் நான் வாரா வாரம் பாலத்து மேல தூங்கிக்கிட்டே போனேன். இந்தத் தம்பி ஒரே ஒருநாள் எடுத்துட்டு மூஞ்சி வெளுத்து வந்துச்சு. அப்ப இத்தனை வருஷமா நம்மள உசுரோட வீட்டுக்குக் கொண்டுவந்தது யாரு? வண்டியா?”

நடராஜனும், “அண்ணி சொல்றது சரிண்ணே. அந்த டாக்ஸியை ஓட்டிப் பாத்தவன் சொல்றேன்” என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னாரே என்று எனக்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை.

கடைசியில் மண்டிக்காரர் வியாபாரி மாதிரியே ஒரு முடிவுக்கு வந்தார். “சரி. பதினெட்டாம் பெருக்குக்குக் குடும்பத்தோட அம்மா மண்டபம் போகணும். அன்னிக்குப் பாலத்துல இருக்கிற கூட்டம் உங்களுக்கே தெரியும். அன்னிக்கு சுலைமானே ஓட்டட்டும். மேஸ்திரி, நீங்களும் கூட வாங்க. எங்கேயாவது ஒரசுனா அங்கேயே சாவியை வாங்கிருவேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது.”

ஆடி பிறந்துவிட்டது, அதிக நாள் இல்லை. கையின் பழக்கத்தை வாயால் சொல்லி நிறுத்த முடியாது. இறுக்கிப் பிடித்தால் கடைசல் இன்னும் அதிகமானது. ஆகவே ஸ்டியரிங்கைப் பிடிக்கவே வேண்டாம், கைக்கு இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்றேன். தினமும் காலையில் அதே மைதானம். காலி வண்டியில் பழகி என்ன பிரயோஜனம் என்று தனலட்சுமி அம்மாளும் வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். சும்மா வரவில்லை, மடியில் ஒரு தட்டும் பக்கத்தில் ஒரு கூடை சின்ன வெங்காயமும்.

“எனக்கும் வேலை ஆகணும்ல. உரிச்சு உரிச்சுத் தட்டுல போடறேன். உருளாம நின்னா வண்டி நேரா போகுதுன்னு அர்த்தம். உருண்டா சத்தம் போடறேன்” என்றார்.

அலைன்மெண்ட் பார்க்க உங்களிடம் இன்றைக்கு ஆயிரம் கருவி இருக்கிறது. எங்களிடம் உரித்த வெங்காயம் இருந்தது. முதல் சில நாள் வெங்காயம் தட்டில் நிற்கவே இல்லை, சீட்டுக்கு அடியிலெல்லாம் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்த நடராஜன், கை ஆடும்போதெல்லாம் “பாய், கை” என்பார். பின்னாலிருந்து அம்மா “உருளுது, உருளுது” என்பார். வாடையில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். “அம்மா, இப்ப எனக்கு ரோடும் தெரியல” என்று பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னபோது, அந்த விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் தட்டில் வெங்காயம் நின்றது. மைதானத்தில் நின்றது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கத்தை மாற்றினேன். ஸ்டியரிங் வேலை முடிந்த வண்டியை அதன் டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டி, அவர் கை அமைதியான பிறகுதான் எலுமிச்சம்பழம். நல்ல நேரம் தவறிப்போகிறதே என்று பலர் முகம் சுளித்தார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள் என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பதினெட்டாம் பெருக்கு அன்று முன்சீட்டில் பாய்க்கும் மண்டிக்காரருக்கும் நடுவில் என்னைத் திணித்துக்கொண்டார்கள். பின்னால் அம்மாவும் உறவுப் பெண்கள் சிலரும், மடியில் சித்திரான்ன அடுக்குகள். பாலத்தில் எள் போட இடமில்லை. முளைப்பாலிகைச் சட்டி எடுத்துப் போகிற பெண்கள், சப்பரம் இழுக்கும் பிள்ளைகள், மாட்டுவண்டி, சைக்கிள், பஸ். கீழே காவிரி இரு கரையும் தொட்டுச் சிவப்பாக ஓடுகிறது. மண்டிக்காரர் ஜன்னல் வழியாக இடது பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்று உரசிய தழும்பு சுவரில் இன்னும் இருந்தது.

அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் எதிரே ஒரு பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தது. எங்களுக்கு இடது பக்கம் ஒரு பெண் தலையில் பாலிகையோடு ஒதுங்க இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். பாயின் விரல்கள் மடங்கி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தன. கடைசல் ஆரம்பித்தது. ‘பாய், கை’ என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று பயம். வாயைத் திறக்கப் போன நேரத்தில் பாய் தானாகவே ஒரு மூச்சு விட்டார். முதலில் இடது கை திறந்தது, பிறகு வலது கை. கைக்கு இரண்டு விரல் மட்டும் ஸ்டியரிங்கில் நின்றது. பஸ் ஒரு பக்கம் கடந்தது, அந்தப் பெண் ஒரு பக்கம் கடந்தாள். கார் இரண்டையும் தொடவில்லை.

அம்மா மண்டபத்தில் படையல் போட்டு, மஞ்சள் கயிறு கட்டி, சாப்பிட்டு முடித்துத் திரும்பினோம். வரும்போதும் பாலத்தில் அதே கூட்டம். மண்டிக்காரர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாளைக்கு எந்த ஊரிலிருந்து சரக்கு வரும் என்று என்னிடம் பேச ஆரம்பித்திருந்தார். ஏதோ கேட்பதற்காகப் பின்னால் திரும்பி, “இந்தா, தனலட்சுமி” என்று கூப்பிட வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். காலி அடுக்கை மடியில் அணைத்தபடி, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, அந்தம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

மண்டிக்காரர் கொஞ்ச நேரம் மனைவியைப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி, அதுவரை நான் அவர் வாயில் கேட்டிராத மெல்லிய குரலில், “மெதுவா போங்க பாய், அவ தூங்குறா” என்றார்.

“சரிங்க மொதலாளி” என்றார் பாய்.